இருதயம்மாளின் நகப்பூச்சு

மலாயாவில் பெம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலம். மரத்தைக் கீறிப் பால் எடுக்கும், பால்மரம் வெட்டுகிற இருதயம்மாள், தோட்டத் துரையின் மனைவி துரைசாணி தூக்கி எறிந்த நகப்பூச்சுக் குப்பியை எடுத்துவந்து தன் மூன்று வயது மகளுக்குப் பூசிவிட்டாள்.

விடியலில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கொட்டகை ஆயா அவளை வழிமறித்தாள். “நகத்துச் சாயத்தைச் சொரண்டிட்டுப் பிள்ளையக் கொண்டாடி. சோத்தோட வயித்துக்குள்ள போனா யாரு பதில் சொல்றது?”

பிள்ளையை விட இடமில்லையென்றால் இருதயம்மாளுக்கு அன்று வேலை இல்லை. ஆனாலும் அவள் அசையவில்லை.

“கண்ணைத் தொறந்து பாருக்கா. சோத்துக் கையிலயா பூசியிருக்கேன்? இடது கையில!”

“சின்னப் பிள்ளைக்கு எதுக்குடி இந்தத் தளுக்கு?”

“மருதாணி வெச்சா லட்சணம், இது மட்டும் தளுக்கா?”

துரை காதுக்கு எட்டிவிடுமே என்று எனக்குக் கலக்கம். “இன்னிக்கு மட்டும் அழிச்சிடேம்மா” என்றேன்.

“முடியாது கிராணியய்யா. எம்பிள்ளை நகம் அது.”

மகளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, வாளியோடு மரம் வெட்டப் போய்விட்டாள். நாள் முழுக்க அந்தச் சுமையோடே குனிந்து நிமிர்ந்தாள்.

மறுநாளும் அப்படியே வந்தவளைப் பார்த்து ஆயாவே இறங்கிவந்தாள். “குடுடி, பாரத்தோட எங்கயாச்சும் விழுந்து வைக்காத” என்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

பிள்ளையின் இடது கை நகங்களில் இருதயம்மாள் அன்று காலைதான் புதிதாகப் பூசியிருந்தாள், ஈரம்கூடக் காயவில்லை.