ஏறத் தெரியாத கோழிகள்

பம்பாய் வரைக்கும் லாரி ஓட்டிப் போய்வந்த என் மாமா, அதாவது அத்தையின் கணவர், ஒரு வருடம் திடீரென்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கோழி வளர்க்க உட்கார்ந்தார். நாமக்கல் பக்கம் அப்போது பலரும் அப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். இருநூறு வெள்ளைக் குஞ்சுகள் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின.

மாமா பயந்த சுபாவம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எந்த மலைப்பாதையிலும் கண்ணை மூடிக்கொண்டு லாரி ஓட்டுவார் என்று பெயர். ஆனால் அது அவருடைய சொந்த உயிர் விஷயம். அவர் வளர்க்கிற எதற்கும் ஒரு கீறல் விழக்கூடாது. குஞ்சுகளை விட்ட அறையில் கடலைத் தொலி பரப்பிய தரை, தீவனத் தட்டு, தண்ணீர் இவற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது. விளையாட்டாக ஒரு செங்கல்லை உள்ளே வைத்தேன். குஞ்சு அதன்மேல் ஏறி விழுந்து கால் ஒடிந்தால் யார் பொறுப்பு என்று என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். என் வயதுள்ள அவருடைய ஒரே மகளுக்கும் இதே சட்டம்தான். மரம், மதில், கிணறு எதன் பக்கமும் போகக்கூடாது. நாங்கள் கிணற்றில் குதிக்கும்போது அவள் மேலே நின்று எங்கள் துணிகளைப் பார்த்துக்கொள்வாள்.

வந்த குஞ்சுகளில் ஒன்று நொண்டி. "பொழைச்சா உனக்கு" என்று என்னிடம் தூக்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் விறகுக் கட்டு, ஆட்டுக்கல், கவிழ்த்த கூடை, குப்புறப் படுத்துத் தூங்குகிற அப்பாவின் முதுகு என்று ஒன்றுவிடாமல் ஏறி விழுந்து அது வளர்ந்தது.

முட்டைப் பருவம் நெருங்கியதும் கோழிகளைப் புதுக் கொட்டகைக்கு மாற்றினார் மாமா. ராத்திரி ஏறி அடைவதற்கு நீளக் கழிகள், முட்டையிட மார்பு உயரத்தில் வரிசையாகப் பெட்டிகள், எல்லாம் ஆசாரி ஒரு வாரம் உட்கார்ந்து செய்தவை. ஒரு கோழிகூட ஏறவில்லை. தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. பெட்டிக்கு நேர் கீழே முட்டையிட்டு, தானே மிதித்து உடைத்துவிட்டு, கொக்கரித்து ஊரைக் கூட்டும். சாயங்காலமானால் மாமா, அத்தை, நான் மூன்று பேரும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழியில் வைப்போம். மூன்றாவதை வைப்பதற்குள் முதலாவது பொத்தென்று விழும். ஒருநாள் மாமாவே கழிமேல் குந்தி, "இப்பிடித்தான் சாமி, இப்பிடித்தான்" என்று செய்து காட்டினார். கோழிகள் கவனமாகப் பார்த்தன. கழி முறிந்தது.

அப்போதுதான் என் நொண்டிக் கோழியின் ஞாபகம் அவருக்கு வந்தது. கொட்டகையில் விட்டதும் அது விறுவிறுவென்று உச்சிக் கழிக்கு ஏறி இறகு கோத ஆரம்பித்தது. மாமாவுக்கு வாயெல்லாம் பல். மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், பிறகு தந்துவிடுகிறேன் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து, என் கோழியை மீட்பதற்காக அத்தனை மக்குகளுக்கும் ஏறக் கற்றுக்கொடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

கடைசியில் ஆசாரி மறுபடியும் வந்தார். அவரும் மாமாவுமாகப் பெட்டிகளைத் தரைக்கு இறக்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "ஏனுங்க, கோழிக்குப் பொட்டிய எறக்கீட்டீங்க. நாளைக்கு நம்ம புள்ளைக்கு எதையெதை எறக்குவீங்க?" என்றாள். ஆசாரி சிரித்தார், நானும் சிரித்தேன். மாமா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கொட்டகை வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கிணற்றுக்கு வந்தார். கட்டிய வேட்டியோடு இறங்கி, தண்ணீருக்குள் இருந்த படியில் கழுத்தளவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். "எறங்கு சாமி, நான் புடிச்சுக்கறேன்."

அவள் முதல் படியை விட்டு நகரவில்லை. அவர் கெஞ்சினார், கொஞ்சினார், டியூப்பைத் தட்டிக் காட்டினார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியும் அவர் கைகளை மட்டும் மடக்கவில்லை.

எனக்கோ ஒரே எரிச்சல். பெட்டிகள்தான் இறங்கிவிட்டனவே, இனி என் கோழி அவருக்கு எதற்கு? "மாமா, எங்கோழிய எப்பக் குடுப்பீங்க?" என்று மேலிருந்து கத்தினேன். மூன்று தடவை கத்தியும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மனுஷன் என்னை நன்றாக ஏமாற்றப் பார்க்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.