பெட்டிக்குள் பெய்த மழை

அந்த இசைத்தட்டில் வீணைக்கு முன்பே மழை தொடங்கிவிடும். ஊசியை வைத்ததும் சோவென்று ஓர் இரைச்சல். அதன் பின்னால்தான் அத்தையின் வீணை, நாலு வீடு தள்ளி யாரோ வாசிப்பதுபோல. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் பாடம் சொல்லிக் கத்திவிட்டு வரும் மாலைகளில் அதை வைத்துக் கேட்கிறேன். ஓய்ந்துபோன உடம்புக்கு அதுவும் பாரமாகத்தான் இருக்கிறது.

அத்தை என் அய்யாவின் தங்கை. பாலவனத்தத்தில் ஒரு பெரிய வீட்டுக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போனவள், அவ்வீட்டுப் பெண்களுக்கு நடந்த பாடத்தைக் கேட்டே வீணை பழகினாள். அவர்கள் கழித்துப்போட்ட வீணைதான் அவளுடையது. பிறகு அருப்புக்கோட்டையில் பருத்தி அரவை ஆலையில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசியில் இளைப்பு வந்துவிட்டது. கோயிலில் அவள் கீர்த்தனை வாசித்ததைக் கேட்டுத்தான், போர் முடிந்த சமயம், மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் ஒலிப்பதிவுக்காரர் எங்களைத் தேடி வந்தார். மைக் சார் என்போம். நன்றாக அமைந்தால் தட்டாக வெளியாகும் என்றார். அத்தை அன்று சாப்பிடவில்லை.

அவரிடம் இரண்டு மைக்குகள் இருந்தன. ஒன்று பழைய கரி மைக். எந்தக் காற்றையும் புழுதியையும் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் கரித்தூளே ஓயாமல் இரையும். மற்றது புது ரிப்பன் மைக். தானாகச் சத்தமே போடாது. வீணை போன்ற மெல்லிய வாத்தியத்துக்கு அதுதான் சரி. ஆனால் காற்று பட்டால் உள்ளிருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும். பெட்டியோடு இருந்த ஆங்கிலக் குறிப்பை நானே வாசித்து அய்யாவுக்குச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில்தான், பதிவுக்குப் பஞ்சு மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கியைச் சொன்னேன். ஆடிக் காற்று நுழையாத இடம் வேறு எங்கே இருக்கிறது?

மூட்டைகளுக்கு நடுவே புது மைக்கை வைத்துப் பதிந்து, உடனே போட்டுக் காட்டினார். வீணை காதுக்குள்ளேயே ஒலித்தது. கமகத்தில் விரல் கம்பியை உரசுவதுகூடக் கேட்டது. ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் அத்தையின் மூச்சு, கீச்கீச்சென்று. அவள் முகம் செத்துவிட்டது.

"சார், அந்தப் பழசுல பிடிங்க."

"அதுல இரைச்சல் மூச்ச மூடிரும்மா. வீணையில பாதியையும் மூடிரும்."

"மூடட்டும்."

கரி மைக்கில் பதிந்ததைப் போட்டதும் அய்யா துள்ளி எழுந்தார். "ஏ, மழ பேயிதே! வெளிய பருத்தி காயுது!" என்று ஓடியவர் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, அது பெட்டிக்குள்ள பேயிற மழ. நம்ம ஊருக்கு அதான் வாய்ச்சது" என்றாள் அத்தை. சிரித்ததில் இருமல் வந்தது.

நான் விடவில்லை. "அத்தை, புதுசுலதான் வீணை வீணையாக் கேக்குது."

"வீணை மட்டுமா கேக்குது, ஆத்தா? நானும்ல கேக்குறேன். காசு குடுக்குறவுக பாட்டுக் கேக்க வருவாகளா, நான் இளைக்கிறதக் கேக்க வருவாகளா?"

சொல்லிக்கொண்டே, விரலில் மாட்டியிருந்த மீட்டும் கம்பியால், புது மைக்கில் பதிந்த முதல் தட்டின் குறுக்கே அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். மைக் சார் தடுக்கவில்லை. அன்றைக்கு அவரும் களைத்திருந்தார்.

மழைத் தட்டுதான் வெளியானது. அதன் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அத்தை என்னை விரல் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அடுத்த மார்கழிப் பனியை அவள் நெஞ்சு தாங்கவில்லை.

இன்றும் ஊசியை வைக்கிறேன். மழை தொடங்குகிறது. அய்யா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நான் காதைப் பெட்டியோடு ஒட்டி வைக்கிறேன். அங்கே அவள் மூச்சு வாங்கியிருக்க வேண்டும். மழைதான் கேட்கிறது.