பிஸ்கட் பாட்டிலும் ஒற்றைப் புள்ளியும்

எங்கள் தெருவில் யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. விரலால்தான் பார்ப்பார்கள். சங்கரன்கோவிலில் விசைத்தறிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் தெரு அது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வேட்டியின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்ப்பார்கள். "அறுபதாம் நம்பரா?" "எம்பது." நூல் எவ்வளவு மெல்லியது என்பதற்கான கணக்கு அது. அதன் பிறகுதான் மாப்பிள்ளைக்கு வணக்கம். ஓரத்தைத்தான் தொட வேண்டும். துணியின் நடுவில் கை வைப்பவன் விவரம் கெட்டவன். எங்கள் அப்பா ஒரு துக்க வீட்டில் கோடித் துணியை இப்படித் தேய்த்துப் பார்த்து, அம்மாவிடம் அங்கேயே கிள்ளு வாங்கியவர்.

அந்தப் பழக்கம் என் படிப்புக்கே உலை வைக்கப் பார்க்கும் என்று நான் நினைத்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. என் வேலை பெப்டைடு கட்டுவது. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்யும் சின்னச் சரம் அது. என்னுடையதில் ஒன்பது. பூக்கட்டுவது மாதிரிதான், ஆனால் ஒரு பூவுக்கு ஒரு நாள் ஆகும், கட்டியது கண்ணுக்கும் தெரியாது. இப்படிக் கட்டிய பொருளை வெளியூரில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அவர்கள் முயல் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதத்தோடு அது ஒட்டுகிறதா என்று சோதிப்பார்கள். சரக்கு சுத்தமாக இல்லையென்றால், ஒட்டியது முழுச் சரமா, அதோடு கலந்து வந்த அரைகுறைச் சரமா என்று யாருக்கும் தெரியாது. முதல் தடவை நான் அனுப்பியது அப்படித்தான் மானத்தை வாங்கியது. "தங்கள் பொருள் எல்லாவற்றோடும் ஒட்டுகிறது" என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. விடுதியில் என்னோடு தங்கியிருந்தவள் அந்த இரண்டு நாளும் நிம்மதியாக இருந்ததாகப் பிறகு சொன்னாள்.

மறுபடி பத்து மாதம் மல்லுக்கட்டினேன். கிடைத்தது ஒரு சின்னக் குப்பியின் அடியில் ஒட்டிக் கிடந்த வெள்ளைப் பொடி. அது சுத்தமா என்று பார்த்து அனுப்புவதற்குள் மாணவர் வேலைநிறுத்தம் வந்து, விடுதியை அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் பேராசிரியர் குப்பியையும், நாலு மருந்து பாட்டிலையும், சோதனைத் தாள் ஒரு கட்டையும் ஒரு பழைய சூட்கேஸில் வைத்துக் கொடுத்தார்.

"ஊர்லயே சோதிச்சுப் பாரும்மா. ஒரே ஒரு புள்ளி வந்தா, பொடியையும் தாளையும் தபால்ல அனுப்பிடு. மாசக் கடைசிக்குள்ள அவங்க கைக்குப் போகணும். ரெண்டாவது புள்ளி வந்தா அனுப்பாத. உன் உதவித்தொகை இந்த வருஷத்தோட முடியுது. இன்னொரு தடவை கட்ட நேரம் கிடையாது, தெரியும்ல?"

தெரியும். நன்றாகவே தெரியும்.

சோதனை எளிதானது. வடிதாள் மாதிரியான தடித்த தாளில் கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே பென்சிலால் கோடு போட்டு, அதில் பொடியைக் கரைத்து ஒரு துளி வைக்க வேண்டும். தாளை ஒரு மூடிய பாட்டிலில் நிறுத்தினால் அடியில் ஊற்றியிருக்கும் திரவம் தாளில் மெள்ள ஏறும். ஏறும்போது ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு உயரத்தில் இறக்கிவிட்டுப் போகும். பிறகு காயவைத்து, நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால், அமினோ அமிலம் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகும். சரக்கு சுத்தம் என்றால் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

பாட்டிலுக்குப் பெட்டிக்கடையில் பிஸ்கட் போட்டு வைக்கும் உயரமான கண்ணாடி பாட்டிலை அம்மா வாங்கித் தந்தாள். உள்ளே நான் ஊற்றியதன் நாற்றத்தை முகர்ந்துவிட்டு, "இதுல இனிமே பிஸ்கட் போட்டா நாய்கூடத் திங்காது" என்றாள். மருந்து தெளிக்க, முடிவெட்டும் கடையில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அந்த பாட்டிலில் புதிதாக ஒன்று. சூடு காட்டத் தெருமுனையில் வண்டி போட்டிருந்த இஸ்திரி அண்ணாச்சி. இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் என் தாளை வைத்துக் கரிப்பெட்டியால் பதமாக ஒற்றி எடுப்பார்.

"எல்லாரும் கறையை எடுக்கதுக்கு எங்கிட்ட வருவாக. கறை வரணும்னு இஸ்திரி போடுத ஒரே ஆளு நீதான் தாயி" என்பார்.

தறிதான் தொல்லை. எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் நாலு தறிகள். அவை ஓடும்போது எங்கள் வீட்டில் தம்ளர் தண்ணீரே சும்மா இருக்காது. பாட்டிலில் தாள் ஆடி, திரவம் கோணல்மாணலாக ஏறும். அந்த நாட்களில் தறிகளுக்குப் பகலில் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை கரண்ட் கிடையாது. அந்த நாலு மணி நேரம்தான் என் ஆய்வகம் இயங்கும் நேரம். கரண்ட் போனதும் தெரு முழுக்க மின்வாரியத்தைத் திட்டும். நான் மட்டும் மகராசன் என்று வாழ்த்திவிட்டு பாட்டில் மூடியைத் திறப்பேன்.

முதல் நாள் சூடு காட்டியதும் நடுவில் அழகாக ஓர் ஊதாப் புள்ளி வந்தது. அதற்குப் பக்கத்தில் மங்கலாக மூன்று வந்தன. மறுநாள் பாட்டிலைக் கழுவி, புது மருந்து கலந்து, புதுத் தாள் எடுத்துச் செய்தேன். இப்போது ஐந்து. என் சரக்கு ஒரே நாளில் இன்னும் கெட்டுப்போயிருந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து, "என்னட்டி?" என்றாள். "புள்ளி கூடிப்போச்சு" என்றேன். "கோலத்துக்கா?" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

இதற்கிடையில் அப்பா தெருவில் ஒரு காரியம் செய்துவைத்திருந்தார். நீ என்னதான் செய்கிறாய் என்று அவர் கேட்டதற்கு, "ஒட்டுதா இல்லையான்னு பாக்குற பொருளுப்பா" என்று சொல்லியிருந்தேன். பாவுநூலுக்குக் கஞ்சி போட்டே வயதைக் கழித்த மனிதருக்கு ஒட்டும் பொருள் என்றால் ஒன்றுதான். "எம் மக மதுரையில புதுசா ஒரு கஞ்சி கண்டுபிடிச்சிருக்கா. நூலு அறவே அறாதாம்" என்று பரப்பிவிட்டார். தெருவே பார்க்க வந்தது. காலையில் தாளை வெட்டிக் கோடு போட்டு மேசைமேல் வைத்துவிட்டு நான் கரண்ட் போகக் காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு அண்ணாச்சியாக வந்து நிற்பார்கள். கொடியில் காயும் நேரத்திலும் வருவார்கள். நான் சிலேட்டில் "ஈரம். தொடாதீர்கள்" என்று எழுதித் தொங்கவிட்டேன். அது இல்லாதவரை வந்தவர்கள் சும்மா பார்த்தார்களோ என்னவோ, அதற்குப் பிறகு ஈரமா இல்லையா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் நான் அப்போது கவனிக்கவே இல்லை. அந்தத் தெருவில் பிறந்தவளுக்கு, ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பது மூச்சு விடுவதைப் போல, கண்ணிலேயே படாது. நான் தாளை இடுக்கியால்தான் எடுத்தேன். மனிதர் விரலில் உள்ள வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு, விரல் பட்டால் அதுவும் ஊதாவாகும் என்று முதல் வருடமே படித்தவள் நான். என் விரலைக் காத்தேனே ஒழிய, தெருவின் விரல்களை மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கொஞ்சம் புத்தி வந்தது. ஒரு தாளில் எதையுமே வைக்காமல் வெறுமனே பாட்டிலில் நிறுத்தினேன். வெறும் தாளில் நிறமே வரக் கூடாது. மாலையில் இஸ்திரி அண்ணாச்சி பெட்டியைத் தூக்கி மேல் தாளை விலக்கினார். ஓரத்துக்கு மேலே வழக்கம்போல நாலைந்து மங்கல் புள்ளிகள். வலது மூலையில் மட்டும், கொடியில் காயும்போது பட்டதால் திரவத்தோடு ஏறாமல், பளிச்சென்று முழுசாக ஒரு பெருவிரல் ரேகை. அதன் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "ஏ தாயி, இது ஒங்க அப்பா வெரலுல்லா! தறியில நாடாக்கட்டை பாய்ஞ்சு வெட்டுனப்ப நான்தான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

தாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குட்டி தொடுதேன்? பாத்தேன்."

"இது யாரு விரலு?"

அப்பா தாளைப் பார்த்தார். தன் பெருவிரலைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "பாத்தேன்னுதான சொல்லுதேன். தொடாம எப்படிப் பாக்கது?" என்றார் உண்மையான குழப்பத்தோடு. பிறகு, ஒரு வார்த்தை சொல்லாமலும் இருக்க முடியாமல், "தாளு நல்ல கெட்டி" என்றார்.

நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தறிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து மாத உழைப்பு, உதவித்தொகை, மாசக் கடைசி எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். இரண்டாவது புள்ளி வந்தால் நான் சூட்கேஸோடு இங்கேயே உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்ற வேண்டியதுதான் என்றேன். அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு, "இன்னும் எத்தனை தடவை பாக்கலாம்?" என்று கேட்டார்.

"மருந்து ஒரு தடவைக்குத்தான் இருக்கு. தபாலுக்கும் நாளைக்குத்தான் கடைசி."

மறுநாள் காலையில் தாளை வெட்டி, எண்ணெய் டப்பா மூடிபோட்டு மறைத்து வைத்தேன். வாசல் கதவை அம்மா சாத்திவிட்டாள். பத்து மணிக்குக் கரண்ட் போனது, பாட்டிலில் தாளை நிறுத்தினேன். அப்பாவால் அந்த அறையை விட்டுப் போகவும் முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. கை தானாக நீண்டது. அம்மா பார்த்தாள். வளையமாகச் சுற்றிய ஒரு நூல்சிட்டத்தைக் கொண்டுவந்து அவர் இரண்டு கைகளிலும் விரித்து மாட்டி, "நான் சுத்தி எடுக்க வரைக்கும் இப்படியே உக்காருங்க" என்றாள். சுற்றி எடுக்க அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் அந்த மனிதர் சிட்டம் மாட்டிய கைகளோடு, பாட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூக்கு அரித்தபோது அம்மாதான் சொறிந்துவிட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு, திரவம் இன்னும் இரண்டு விரற்கடை ஏற வேண்டியிருந்தபோது, கரண்ட் வந்துவிட்டது.

கால் மணி முன்னால் கரண்ட் வருவது எங்கள் தெருவுக்கு லாட்டரி விழுந்தது போல. அப்பா எப்போதும் சாப்பாட்டைப் போட்டுவிட்டுத் தறிக்கு ஓடுவார். அன்றும் ஓடினார். சிட்டம் மாட்டிய இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக ஓடினார். தறி சத்தத்துக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. பின்வாசலில் எட்டிப் பார்த்தேன். தறிக்கொட்டகை வாசலில் அப்பா கைகளை அகல விரித்துக்கொண்டு, தறி ஓட்டும் ஆட்களை வழிமறித்து நின்றார்.

"ஓட்டாதீங்கடே. அரை மணி நேரம் ஒருத்தனும் சுவிட்சுல கை வைக்கப்படாது."

"அண்ணாச்சி, கரண்டு வந்துட்டுல்லா!"

"வந்தா வரட்டும் வே. எம் மக புள்ளி இன்னும் ஏறல."

தெருவில் எல்லாத் தறிகளும் ஓட, எங்கள் நாலு மட்டும் சும்மா நின்றன. எனக்கு நினைவு தெரிந்து கரண்ட் இருக்கும்போது அப்பா தறியை நிறுத்தியது ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மட்டும்தான். முந்தைய நாள் கத்தியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

காயவைத்துத் தெளித்து இஸ்திரி போட்டோம். ஒரே ஒரு புள்ளி. அவரைப்பூ நிறத்தில், நடுவில், தன்னந்தனியாக. அண்ணாச்சி கரிப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டில் மேசைமேல் தாளை விரித்தேன். அம்மா சிட்டத்தைக் கழற்ற, அப்பா வந்து பார்த்தார்.

"ஒண்ணுதானட்டி?"

"ஒண்ணுதாம்ப்பா."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உறையில் முகவரி எழுதத் திரும்பினேன். பொடியும் தாளும் மூன்று மணிக்குள் ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டன.

மறுநாள் காலையில் அப்பா தோசைக்கு ஸ்பூன் கேட்டார். எங்கள் வீட்டில் ஸ்பூன் மருந்து ஊற்ற மட்டும்தான். அம்மா சந்தேகப்பட்டு அவர் வலது கையைத் துண்டுக்குள்ளிருந்து இழுத்தாள். பெருவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. நின்ஹைட்ரின் தெளித்த தாளைப் பிறகு தொட்டாலும் விடாது. விரலிலும் ஏறும், தாளில் விரல் பட்ட இடத்திலும் மெதுவாக நிறம் வரும். தாள் இந்நேரம் ரயிலில் ஊதாவாகிக்கொண்டிருந்தது.

"கடைசியில ஒரே ஒரு தடவதான் பாத்தேன்" என்றார் அப்பா.

மூன்று வாரம் நான் தூங்கிய தூக்கம் தூக்கமில்லை. பிறகு கடிதம் வந்தது. "தங்கள் பொருள் அந்த ஒரு புரதத்தோடு மட்டும் நன்றாக ஒட்டுகிறது. மற்றவற்றோடு ஒட்டவில்லை. தூய்மை திருப்திகரம். தாளின் மூலையில் உள்ள விரல் யாருடையது என்று அறிய விரும்புகிறோம்."

ஆய்வேட்டில், அவர்கள் திருப்பி அனுப்பிய அந்தத் தாளின் படத்தைப் போடும்போது மூலையை வெட்டிவிடச் சொன்னார் பேராசிரியர். நான் மாட்டேன் என்றுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பரீட்சகர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "மூலையில் இருக்கிற இந்த அசுத்தம் என்ன?" என்று கேட்டார்.

"அசுத்தம் இல்லை சார். அது எங்க அப்பா" என்றேன்.

பின்வரிசையில் கஞ்சி போட்ட வேட்டியோடு உட்கார்ந்திருந்த அப்பா வலது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். பரீட்சகர் சிரித்துவிட்டு, ஆய்வேட்டை அவர் பார்க்கட்டும் என்று பின்னால் கொடுத்தனுப்பினார்.

அப்பா அதை மடியில் வைத்துத் திறந்தார். ஒரு பக்கத்தின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தாளு சுமார்தான் மக்கா. சரக்கு சுத்தம்."