ஓட்டை போடாத ஒரு டப்பா

வெறும் மாரி என்று கேட்டால் எந்த மாரி என்பார்கள். டப்பா மாரி என்றால் செம்பாக்கத்திலிருந்து அகரம்தென் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பதினாறு வருஷமாக மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு, வரப்பிலும் கிணற்றடியிலும் கிடக்கிற காலிப் பூச்சிமருந்து டப்பாக்களைப் பொறுக்கிக் காயலான் கடையில் போட்டவன் அவன். அடியில் தங்கிய மருந்து பட்டுப்பட்டு இரண்டு கையிலும் தோல் உரிந்திருக்கும். அதைப் பார்த்து ஒருத்தரும் ஐயோ என்றதில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. பட்டப்பேர் ஒன்று கிடைத்ததே, அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இரண்டாயிரத்து ஆறில் வந்தது வினை. யாரோ மருந்து டப்பாவில் தண்ணீர் மொண்டு வைக்க, அதைக் குடித்து ஒரு கன்றுக்குட்டி செத்துப்போனது. உழவர் சங்கம் விழித்துக்கொண்டது. செயலாளர் அரிகிருஷ்ணன் பழைய மோட்டார் ரூமை ஒழித்துக் கொட்டகையாக்கினார். இனிமேல் காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்தடிக்கிற டேங்கிலேயே ஊற்றிவிட்டு, இங்கே கொண்டுவர வேண்டும். வேறு எதற்கும் ஆகாதபடி கொட்டகையில் அதன் அடியில் கம்பியால் ஓட்டை போட்டு, பிளாஸ்டிக்கைத் தூளாக்கும் கம்பெனிக்கு அனுப்புவார்கள்.

கொட்டகைக்குத் தன்னைவிட்டால் யார் என்று மாரி இருந்தான். வேலை தபீதாளுக்குப் போனது. சங்க ஆபீசைப் பெருக்கிக்கொண்டிருந்தவள். டப்பாவில் ஒட்டியிருப்பதைப் படிக்கத் தெரியும் என்பதுதான் தகுதி. மாரிக்குக் கிடைத்தது மூட்டை ஏற்றும் வேலை.

அதைக்கூட அவன் பொறுத்திருப்பான். அவனைப் பார்த்து டப்பாவை வரப்பிலிருந்து வீசின அதே ஜனம், அவளிடம் மட்டும் அலசித் துடைத்துக் கையில் கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. தபீதாக்கா சாப்டியா என்று விசாரிப்பு வேறு. ஒருநாள், டப்பா கொண்டுவருகிற விவசாயி குப்பனின் சம்சாரம் அவளுக்குக் கையுறை வாங்கி வந்து கொடுத்தாள். மாரி தன் கையைப் பார்த்துக்கொண்டான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். பாவி, அவனை வாய் நிறைய அண்ணா என்றாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெரிய அதிகாரி கொட்டகையைப் பார்க்க வருகிறார், அவருக்குப் பிடித்துவிட்டால் தபீதாளுக்குப் போட்டோ ஒட்டிய கார்டு போட்டு வேலையை நிரந்தரமாக்கிவிடுவோம் என்று அரிகிருஷ்ணன் சொன்னார். கழுத்தில் கார்டோடு அவள் நிற்பதை மாரி நினைத்துப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிடப் போயிருந்த நேரம். குப்பன் வயலில் மோனோ என்கிற பூச்சிமருந்து கால்வாசி மிச்சமிருந்த டப்பாவை எடுத்து வந்து, யாருடையது என்று தெரியாதபடி லேபிளைக் கிழித்துப் போட்டான். கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து, மேலாகச் சொருகித் திரும்பக் கட்டினான். அதிகாரி அவிழ்த்துப் பார்ப்பார், அலசாத, ஓட்டை போடாத டப்பா கண்ணில் படும், அவளுக்குச் சீட்டு கிழியும். அவ்வளவுதான் அவன் போட்ட கணக்கு.

தபீதாளைப் பற்றி அவனுக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை. அவள் தன்னையே நம்பாதவள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்து, மூட்டைகளை ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தாள். ஓட்டையில்லாத டப்பா ஒன்று கண்ணில் பட்டது. தானே விட்டுவிட்டோம் போல என்று பதறி, கனத்தைக்கூடக் கவனிக்காமல் சாய்த்துப் பிடித்து அடியில் கம்பியை இறக்கினாள். மூடி இறுகியிருந்த டப்பாவிலிருந்து மருந்து பீய்ச்சி முகம், கழுத்து, மார்பெல்லாம் நனைந்தது.

மாரி வண்டியோடு வந்தபோது அவள் வாயில் நுரை ஒழுகத் தரையில் கிடந்தாள். வண்டியில் தூக்கிப் போட்டு மெயின் ரோடு வரைக்கும் மிதித்தான். அதிகாரிக்காக அங்கே காத்திருந்த அரிகிருஷ்ணன் ஆட்டோ பிடித்தார்.

தாம்பரம் ஆஸ்பத்திரி வாசலில் பாதி ஊர் வந்து நின்றது. குப்பன் சம்சாரம் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த நேரத்திலும், தனக்கு இப்படி ஆனால் யார் வருவார்கள் என்று மாரியின் மனசு கேட்டது. அந்த மனசை அவனே காறித் துப்பினான்.

டாக்டர் வெளியே வந்து, என்ன மருந்து என்று கேட்டார். பேர் தெரிந்தால்தான் சரியான ஊசி போட முடியும், நேரமில்லை என்றார். டப்பாவில் லேபிளே இல்லை சார் என்று அரிகிருஷ்ணன் கையைப் பிசைந்தார். ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள்.

மாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“மோனோ சார். கால் டப்பா இருந்துச்சி.”

டாக்டர் உள்ளே ஓடினார். அரிகிருஷ்ணன் திரும்பி, உனக்கு எப்படிடா தெரியும் என்றார். அலசாமல் வந்ததைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். பதினாறு வருஷத்து ஆள், நம்பியிருப்பார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் தபீதாள் யாரையோ அண்ணா அண்ணா என்று குழறலாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நான்தான் வெச்சேன்” என்றான் மாரி.

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது.