வராத தண்ணீருக்கு ஸ்தோத்திரம்

சபையாரே, நிதானமாக உட்கார்ந்து பேச எனக்கு வராது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறவள் என்று என் வீட்டுக்காரரே சொல்வார். ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

பேத்தமங்களா ஏரித் தண்ணீர், மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் குழாயில் வரத் தொடங்கிய பிறகு வந்த முதல் கோடை அது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே குழாய் காய்ந்து கிடந்தது. வீட்டில் இருந்த குடங்களையெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் மகள் ஜீவாவுக்கு அப்போது ஆறு மாதம். பல வருஷம் முழங்கால் தேயக் கேட்டு வாங்கிய பிள்ளை. அவளைக் குளிப்பாட்டக்கூட ஒரு செம்பு தண்ணீர் இல்லை.

காலையிலிருந்து ஜெபம்தான். ஜெபம் என்ன ஜெபம், சண்டை. "ஆண்டவரே, ஒரு குடம். ஒரே ஒரு குடம். உமக்கு இது பெரிய காரியமா?" என்று கேட்டேன். குழாயடிக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கால் கடுத்தது. அங்கே பக்கத்து வீட்டு முனியம்மா குந்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா எஸ்தரு, உங்க சாமி கொழாவத் தெறக்க மாட்டாரா?" என்றாள்.

"உங்க மாரியாத்தா தெறக்கட்டுமே, யார் வாணாம்னாங்க?" என்றேன். இருவரும் சிரித்தோம். எனக்கு உள்ளே சிரிப்பு இல்லை. அவள்தான் இரக்கப்பட்டு உலைக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

எங்கள் வீடு மூங்கில் தட்டி வீடு. ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் இருட்டு. அந்த லைனில் எங்களிடம் மட்டும்தான் பம்ப் அடுப்பு இருந்தது. ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். அதில் என் வீட்டுக்காரர் சாமுவேல் எடுத்து வந்த பித்தளை அடுப்பு அது. கிருஷ்ணாயில் ஊற்றி, பம்ப் அடித்தால் நீலமாக எரியும். புகை இல்லை, கண் எரிச்சல் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்று அவருக்கு மத்தியான ஷிஃப்ட். சங்கு ஊதுவதற்குள் சாப்பிட்டுக் கிளம்பவேண்டும். அரிசி பாதி வேகும்போது எண்ணெய் தீர்ந்து அடுப்பு அணைந்துவிட்டது. நான் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இல்லாததால், ஓடையிலிருந்து ஒரு கூடை மணல் அள்ளிவந்து, மணல் போட்டே தேய்த்துக்கொண்டிருந்தேன். "நீ இரு, நான் ஊத்தறேன்" என்று அவர் உள்ளே போனார்.

சுரங்கத்துக்குள் வேலை செய்கிறவர்கள் மெழுகுவத்தியைக் களிமண் உருண்டையில் குத்திப் பாறையில் அப்பிக்கொள்வார்கள். வேலைக்கு இரண்டு கையும் வேண்டுமே. கீழே எல்லாம் கல், ஒன்றும் பற்றாது. வீட்டிலும் அவருக்கு அதே பழக்கம். எண்ணெய் ஊற்றும் துவாரம் தெரியவேண்டும் என்று, எரியும் மெழுகுவத்தியை அடுப்புக்கு மேலே தட்டிக் கம்பத்தில் அப்பிவிட்டு, சூடு ஆறாத அடுப்பின் மூடியைத் திருகித் திறந்திருக்கிறார்.

உள்ளே அடைபட்டிருந்த ஆவி சீறி வந்து மெழுகுவத்தியில் பற்றி, குப்பென்று ஒரு சத்தம். அவர் கையிலிருந்த டின் விழுந்து உருண்டது. எண்ணெய் போன இடமெல்லாம் தீ. அவர் புருவம் பொசுங்கி, கையை உதறிக்கொண்டு வெளியே பாய்ந்தார். "தண்ணி! தண்ணி!" என்று கத்திக்கொண்டே முனியம்மா வீட்டுக்கு ஓடினார்.

ஜீவா உள்ளே இருந்தாள். பின்பக்க மூலையில், ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் தீ.

குடத்தைத் தேடி என் கை தானாகப் போனது. கவிழ்த்து வைத்த குடங்கள். "ஐயோ ஆண்டவரே, காலையிலிருந்து கேட்டேனே!" என்று கதறினேன். அவ்வளவுதான் என் ஜெபம். பக்கத்தில் மணல் கூடை இருந்தது. யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். கூடையோடு தூக்கித் தீயின்மேல் கொட்டினேன். நடுவில் ஒரு ஆள் தாண்டும் அளவுக்குத் தீ அடங்கியது. முந்தானையை இடுப்பில் சுருட்டிச் செருகிக்கொண்டு அந்த மணலில் மிதித்து ஓடி, பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்போதுதான் அவர் முனியம்மாவின் கடைசிக் குடத்தோடு ஓடிவந்தார். "ஊத்துங்க!" என்று நானே கத்தினேன். ஓரமாக எரிந்துகொண்டிருந்த தீயில் ஊற்றினார்.

தீ அணையவில்லை. தண்ணீரின்மேல் ஏறிக்கொண்டு ஓடியது. எங்கள் வீட்டுத் தரை பின்பக்கம் சரிவு, தண்ணீர் போகிற ஓட்டை அந்த மூலையில்தான். தீ நேராக அங்கே ஓடி ஏணைப் புடவையைப் பற்றியது. எங்கள் கண்முன்னே அது திகுதிகுவென்று எரிந்தது. வெறும் ஏணை.

முனியம்மா என் கையிலிருந்து பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "எம்மா, நம்ம கொடம் ரொம்பியிருந்தா இன்னாயிருக்கும்?" என்றாள். ஆண்கள் மண்ணை வாரிப் போட்டும், பின் தட்டியைப் பிடுங்கி எறிந்தும் தீயை அடக்கினார்கள். ஒரு சுவர் போனது. அவர் கை ஆறப் பல வாரம் ஆனது. வேறொன்றும் இல்லை.

சபையாரே, என் குடங்கள் நிறைந்திருந்தால் நான் முதலில் தண்ணீரைத்தான் ஊற்றியிருப்பேன். பிள்ளை ஏணையில் இருக்கும்போதே ஊற்றியிருப்பேன். நான் சண்டைபோட்டுக் கேட்டதை ஆண்டவர் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. ஸ்தோத்திரமும் வருகிறது.

இப்போது அந்த அடுப்பு முற்றத்தில் இருக்கிறது. அணைந்தால், கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியைத் திறப்போம். பகல் வெளிச்சத்தில் ஊற்றுவோம், பக்கத்தில் மெழுகுவத்தி வராது. பக்கத்திலேயே ஒரு டின் மணல். சங்கு ஊதினால் ஊதட்டும், பழையதைத் தின்றுவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரரும் ஷிஃப்டில் தன்னோடு சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டார்.

என் பதற்றம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கிருஷ்ணாயில் வாசனை வந்தால் ஜெபத்தின் நடுவிலும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்து மறுபடி முழங்கால் போடுகிறேன். ஆண்டவர் கோபித்துக்கொள்வதில்லை.

உங்களில் யாராவது கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், வானம் அடைத்துக்கொண்டது என்று உட்கார்ந்திருந்தால், என்னைப்போல அவரோடு சண்டை போடுங்கள், பரவாயில்லை. ஆனால் அவரை விட்டு எழுந்து போய்விடாதீர்கள். நம் வீட்டுத் தரை எந்தப் பக்கம் சரிவு என்று அவருக்குத் தெரியும்.