மார்க்கத்தில் ஒரு கோட்டை

1997 ஒக்ரோபர், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கினேன். லண்டனிலிருந்து ஏறக்குறைய எட்டு மணி நேரப் பறப்பு. குடிவரவு அதிகாரி வந்த நோக்கத்தைக் கேட்டார். "தம்பியைப் பார்க்க" என்றேன். அது பாதி உண்மை. தம்பியின் மனைவி மாலதி இனி அவனிடம் வரப்போவதில்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்காகத்தான் நான் வந்திருந்தேன்.

அந்தக் கோடையில் சென்னைக்குப் போனபோது, யாழ்ப்பாணத்தை விட்டு வந்து அங்கே தங்கியிருந்த மாலதியைப் பார்த்தேன். கனடா விசா குத்திய பாஸ்போட் அவள் அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. "நான் போகேல்லை மச்சாள்" என்றாள். ரவி அனுப்பியிருந்த வீட்டுப் படங்களை எடுத்து என் மடியில் வைத்தாள். "பாருங்கோ. என்னாலை உதுக்குள்ளை இருக்கேலாது. அவருக்கு ரெலிபோனிலை சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீங்கள் சொன்னால் தாங்குவார்." படங்களைப் பார்த்தேன். கொஞ்சம் ஆடம்பரம், கொஞ்சம் கோமாளித்தனம். இதற்காகவா ஒருத்தி புருசனை வேண்டாம் என்பாள் என்று எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

ரவி காரோடு வந்திருந்தான். முன்தலையில் மயிர் போய்விட்டது. விமான நிலையத்திலிருந்து அவன் இருக்கும் மார்க்கம் நகர் நாற்பது கிலோமீற்றர் இருக்கும்; 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருக்கியடித்ததில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வழி நெடுகலும் மரங்கள் சிவந்து மஞ்சளாகி நின்றன. கனடாவின் இலையுதிர் காலத்தைப் பார்க்க ஆட்கள் காசு கட்டி வருவார்களாம். என் கண்ணில் ஒன்றும் நிற்கவில்லை.

"அக்கா, வீட்டைப் பார்த்தால் மயங்கி விழுவியள்" என்றான். "அவவுக்கு விசாவும் வந்திட்டுது. இனி ரிக்கெற் போடுறதுதான் மிச்சம். உங்களுக்குத் திகதி ஏதும் சொன்னவவே?"

"பிறகு கதைப்பம்" என்றேன்.

புதிதாக எழும்பிய குடியிருப்பு அது. தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தாற்போல எல்லாம் ஒரே செங்கல் வீடுகள், எல்லாவற்றுக்கும் முகத்தில் ஒரு கராஜ். ரவியின் வீடும் வெளியே அப்படித்தான். கதவைத் திறந்தான். படத்தில் பார்த்ததுதான், ஆனாலும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சுவர் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல். தட்டிப் பார்த்தேன், பிளாஸ்ரிக் பலகை. கூரையின் குறுக்கே கறுத்த உத்தரங்கள், அவையும் உள்ளே வெறும் கோது. வண்டிச் சில்லு மாதிரி ஓர் இரும்பு வளையம் சங்கிலியில் தொங்க, அதைச் சுற்றி மெழுகுதிரி வடிவில் மின்குமிழ்கள். கணப்படுப்புக்கு மேல் குறுக்காக இரண்டு வாள்கள், நடுவில் சிங்கம் பொறித்த கேடயம். மான் வேட்டை நெய்த கம்பளித் திரை ஒரு சுவரை மறைத்தது. நாற்காலி இல்லை, நீண்ட மேசையும் இரு பக்கமும் வாங்குகளும். இருபது பேர் இருந்து சாப்பிடலாம். அங்கே சாப்பிட இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

"மிடீவல் ஸ்ரைல்" என்றான். "அந்தக் காலத்து இங்கிலாந்துக் கோட்டை இப்பிடித்தான். லைப்ரரிப் புத்தகங்களைப் பார்த்து நானே செய்தது."

காரணம் எனக்குத் தெரியும். மாலதி யாழ்ப்பாணத்தில் சரித்திர ரீச்சராக இருந்தவள். எண்பத்தாறில் கலியாணம், நான்காம் மாதம் ரவி நாட்டைவிட்டு வெளிக்கிட்டான். அந்த நான்கு மாதத்தில் ஒருநாள் பாடப்புத்தகத்தில் ஓர் இங்கிலாந்துக் கோட்டையைக் காட்டி, உப்பிடி ஒரு வீட்டிலை ஒரு நாளாவது இருக்கவேணும் என்றாளாம். பகலில் தளபாடத் தொழிற்சாலை, பின்னேரத்தில் ஒஃபீஸ் கூட்டித் துடைக்கிற வேலை என்று பதினொரு வருடம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே இவன் சீவித்திருக்கிறான்.

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினான். வீடு வாங்கி இரண்டு வருடமாகியும் கீழேதான் படுக்கை, கீழேதான் ஒற்றை மின் அடுப்பில் சமையல். "இன்னும் பால் காய்ச்சேல்லை அக்கா. குடிபூராத வீட்டிலை எப்பிடிப் படுக்கிறது? அவ வந்து காய்ச்சட்டும்" என்றான். கட்டிலை எனக்குத் தந்துவிட்டுத் தான் நிலத்தில் படுத்தான்.

சனிக்கிழமை சொல்லிவிடுவதென்று இருந்தேன். காலையிலேயே காரில் ஏற்றி, வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் பழம்பொருள் விற்கும் ஒரு களஞ்சியத்துக்குக் கொண்டுபோனான். ஆளுயர இரும்புக் கவசம் ஒன்றை 240 டொலருக்குப் பேசி எடுத்தான். விற்ற வெள்ளைக்காரர், "உன் மனைவி என்ன சொல்வாள்?" என்று சிரித்தார். "அவளுக்காகத்தான்" என்றான் ரவி. கவசத்தை முன் சீற்றில் இருத்தி சீற் பெல்ற் போட்டான். நான் பின்னால் இருந்தேன். அந்த இரும்புத் தலையைப் பார்த்துக்கொண்டு எப்படி வாயைத் திறப்பது? திறக்கவில்லை.

திங்கள் அவன் வேலைக்குப் போனபின் வீட்டுக்குள் இருக்க முடியாமல், எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற டோர்செட் பார்க் பகுதிக்குப் புறப்பட்டேன். மார்க்கத்தில் கார் இல்லாதவர் முடவர்தான். பஸ்ஸுக்கு நெடுநேரம் நின்றேன். ரொறன்ரோ எல்லையைத் தாண்டியதும் இன்னொரு தரம் காசு போடவேண்டும். மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு தமிழ்க் கடை. முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தேவி என்று பெயர்; ரவியோடு வேலை செய்பவரின் மனைவியாம்.

"நீங்கள் கோட்டை ரவி அண்ணையின்ரை அக்காவே? அவரின்ரை முகம் அப்பிடியே."

"ஓம். வீட்டைப் பார்த்தனீங்களோ?"

"ஒருக்காப் போனனான். தேத்தண்ணி குடிக்க முந்தியே வெளியிலை வந்திட்டன். நான் கொட்டடி, அக்கா. யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கம். ஆமி அதுக்குள்ளை இருந்து பீரங்கியாலை செல் அடிக்க, நாங்கள் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துச் செத்தனாங்கள். எங்கடை ஒழுங்கையிலை மட்டும் எத்தினை பேர். இவர் ஏன் உதைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறார்?"

மாலதியின் வீடும் கொட்டடிதான். அவள் தங்கை செல் விழுந்து செத்தவள். செய்தி வந்தபோது நான் லண்டனில் அழுதேன், ரவி ரொறன்ரோவில் அழுதான். அந்தச் செல் எங்கேயிருந்து வந்தது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கடையிலிருந்து ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

பின்னேரம் ரவி ஏணியில் நின்று முன் ஜன்னலைச் சாந்தால் இருபுறமும் ஒடுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் அம்பு விடுகிற துவாரம் அப்படித்தான் இருக்குமாம்.

"இறங்கு ரவி. மாலதி வரமாட்டாள். விசா கிடைச்சும் வரமாட்டன் எண்டு என்னட்டைச் சொன்னவள். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவன் இறங்கவில்லை. "ஏனாம்?"

தேவி சொன்னதைச் சொன்னேன். தங்கையைச் சொன்னேன்.

"அது ஒல்லாந்தன் கட்டின கோட்டை, அக்கா" என்றான் பொறுமையாக, எனக்குத்தான் விளங்கவில்லை என்பதுபோல. "இது இங்கிலாந்துக் கோட்டை. வேற. அவ ரீச்சர், அவவுக்கு வித்தியாசம் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. "நீ காத்திருக்கிறது புத்தகம் காட்டின பெட்டையை. அந்தப் பெட்டை இப்ப இல்லையடா!" என்று கத்தினேன். கத்தியிருக்கக்கூடாது. அவன் சாந்துக் கரண்டியைப் பிடித்தபடி ஏணியிலேயே இருந்து அழுதான். நானும் வாங்கில் இருந்து அழுதேன்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. நான் மேலே வந்தபோது கருங்கல் பலகைகளைக் கடப்பாரையால் கிண்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். பசை பிடித்த இடமெல்லாம் சுவர் பிய்ந்து வந்தது. வாள், கேடயம், வேட்டைத் திரை எல்லாம் கராஜில் குவிந்துவிட்டன. விடிவு வந்தது, செய்தி உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில் இரண்டு நாள் நானும் சேர்ந்து குப்பை அள்ளினேன்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். லண்டனில் என் வீட்டுச் சுவர்களில் முந்தி இருந்தவர்கள் ஒட்டிய பூக்கடதாசிதான் இன்னும் இருக்கிறது. யாருக்காகவும் நான் மாற்றியதில்லை, யாரும் மாற்றச் சொன்னதுமில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நினைத்துக்கொண்டு பெட்டியை உருட்டினேன். வாசலில் அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். காற்சட்டைப் பையிலிருந்து பெயின்ற் கடையில் எடுத்த இரண்டு நிற மாதிரி அட்டைகளை வெளியே எடுத்து விரித்தான்.

"அக்கா, வெள்ளையோ, இளமஞ்சளோ? அவவுக்கு எது பிடிக்கும்?"