கொடுத்தவளுக்கு வேலை இல்லை

அண்ணனுக்கு என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்தபோது, நான் மெயின் பஜார் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டு ரத்தம் எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது வரை என் வேலை. அப்பா சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டதால், வாரிசு என்று அவருடைய வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. படித்தவள் நான்தான். பெண்பிள்ளைக்கு எதற்கு பெர்மனென்ட் வேலை என்றார்கள். நானும் சரி என்றேன். அம்மாவும் போன பிறகு அண்ணனுக்கு வேலையோடு கிடைத்த குவார்ட்டர்ஸில் பின்பக்க அறையில் இருந்தேன். கல்யாணப் பேச்சு சில காலம் வந்தது. பிறகு வருவது நின்றுபோனது.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போய்ப் போய் ஆள் கறுத்துவிட்டான். அண்ணிக்குச் சர்க்கரை இருந்தது, அவளால் கொடுக்க முடியாது. மிச்சம் இருந்தது நான். என்னிடம் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அண்ணி மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். அந்த வீட்டில் நடுத்துண்டு எனக்கு விழுந்ததே இல்லை. அன்றைக்கே புரிந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து அவன் எனக்கு முன்பே எழுந்து நடந்தான். எனக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்தது. ஆறியது என்று நினைத்தபோது அந்த இடத்தில் குடல் பிதுங்கிக்கொண்டு வந்தது. மறுபடியும் அறுத்து, உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். அவன் லைட் டூட்டி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய், டிபார்ட்மென்ட் முழுக்க ஸ்வீட் கொடுத்துவிட்டு வந்தான். மிஞ்சிய மைசூர்பாகு ஒன்றை அண்ணி என் கட்டிலுக்கே கொண்டுவந்து தந்தாள். நான் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தப் பின்பக்க அறையில் கிடந்தேன்.

தேறியதும் முதலில் பழைய லேபுக்குத்தான் போனேன். என் நாற்காலியில் வேறொரு பெண். அந்த லேப் டாக்டர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்.

"தெய்வம்மா நீ. கூடப்பிறந்தவனுக்கு எந்தத் தங்கச்சி இந்தக் காலத்துல இப்படி செய்யும்?"

வந்திருந்த நோயாளிகளிடமும் சொன்னார். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காபி வந்தது. நான் வேலையைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"உன்னை வேலை வாங்குனா எனக்குப் பாவம்மா. வீட்ல ராணி மாதிரி உக்காரு. அண்ணன் பாத்துக்க மாட்டாரா?"

அதன் பிறகு போன இடத்திலெல்லாம் இதேதான். கதையைக் கேட்பார்கள், கண்கலங்குவார்கள், அனுப்பிவிடுவார்கள். குள்ளஞ்சாவடியில் ஒரு கிளினிக்கில் மட்டும் யாரும் கண்கலங்கவில்லை. அங்கே நிர்வாகம் பார்த்த அம்மா, மூலையில் இருந்த தண்ணீர் கேனைக் காட்டினாள்.

"அத தூக்கி மேடை மேல வை, பாக்கலாம். நாளைக்கு முடியலன்னு வந்து நிக்கக் கூடாது பாரு."

என்னோடு நேர்காணலுக்கு வந்திருந்த சின்னப் பெண்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கினேன். வயிற்றுக்குள் யாரோ துணியைக் கிழித்த மாதிரி இருந்தது. கேனை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினால், அந்த அம்மா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குது இல்ல?" என்றாள். "அடுத்த ஆளு வா."

வடலூரில் பொய் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த லேப் அது. ஏன் இத்தனை நாள் வேலையில் இல்லை என்று முதலாளி கேட்டபோது, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது, பார்த்துக்கொண்டேன் என்றேன். அம்மா செத்து எத்தனையோ வருஷம். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் கிழவர் ஒருவரின் கையில் நரம்பு தேடினேன். இரண்டு வருஷம் சும்மா இருந்த விரல், பயந்துகொண்டேதான் தொட்டேன். ஒரே குத்தில் ரத்தம் வந்தது. "ஊசி போட்டதே தெரியல பாப்பா" என்றார் அவர். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வேலைக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டில் பேச்சு மாறியது. அண்ணனுக்கு உப்பில்லாமல் தனிச் சமையல், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவது, வேளைக்கு மாத்திரை எடுத்து வைப்பது எல்லாம் நான் தேறியதிலிருந்து என் தலையில்தான் இருந்தன. நான் விடிந்ததும் பஸ் பிடித்துவிடுவேன்.

"அவரை யாரு பாக்கறது? நானும் சக்கரக்காரிதானே?" என்றாள் அண்ணி, எனக்குக் கேட்கும்படி, அண்ணனிடம்.

அடுத்த வாரமே அண்ணன் வடலூர் லேபுக்கு வந்துவிட்டான். தேய்த்த சட்டை, முகத்தில் மாஸ்க். ஏதோ விசேஷத்துக்கு வந்தவன் மாதிரி முதலாளியின் எதிரில் உட்கார்ந்தான்.

"என் தங்கச்சிதாங்க. இதான் எனக்கு கிட்னி குடுத்துது. கொஞ்சம் பாத்துக்குங்க. கனமா எதுவும் தூக்க விடாதீங்க. ரெண்டாவது ஆபரேஷனும் ஆன உடம்பு."

முதலாளி என்னைப் பார்த்தார். "அம்மாவுக்கு முடியாம இருந்துதுன்னு சொன்னியே?"

"அம்மாவா?" அண்ணன் சிரித்தான். "அம்மா செத்து எவ்ளோ நாளாவுது!"

முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. "மூணு தெரு ஜனங்க ரிப்போர்ட்ட நம்பி மருந்து சாப்புடறாங்க. பொய் சொல்ற கைய இங்க வெச்சிகினு இருக்க முடியாதும்மா" என்றார். நியாயமான பேச்சு. வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தேன்.

அண்ணன் வெளியே பைக்கில் காத்திருந்தான்.

"ஏண்ணா வந்த?"

"நீ எங்கியாவது விழுந்து கெடந்தா, கிட்னிய வாங்கிகினு தங்கச்சிய வேலைக்கு வுட்டான்னு என்னத்தான் காறித் துப்புவாங்க. வூட்ல உனக்கு என்ன கொறச்சல்? சோறு போடலியா? ஒத்தக் கிட்னிய வெச்சிகினு இந்த ஆட்டம் வேணுமா?"

"இன்னொண்ணு எங்க இருக்கு?"

அவன் முகம் செத்துப்போனது. பிறகு மெதுவாகச் சொன்னான். "சொல்லிக் காட்டற பாத்தியா? இதுக்குத்தான் உன்கிட்ட வாங்கவே பயந்தேன்."

நான் பைக்கில் ஏறவில்லை. அந்த மாதமே குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்பினேன். சேத்தியாத்தோப்பில் ஒரு டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய், உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சம்பளம் கம்மி. ஞாயித்துக்கிழமையும் வரணும். உடம்புக்கு முடியலன்னா லீவு எடு, சம்பளத்துல பிடிப்பேன். கதை எதுவும் வேணாம்."

என்னை யாரும் கும்பிடாத அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்திலேயே ஒற்றை அறை பார்த்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அண்ணி போன் செய்தாள். அண்ணனுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டானா தெரியவில்லை, நான் வந்து பார்க்க வேண்டும் என்றாள். மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காப்பது அந்த மாத்திரைதான்; அது தவறினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"டூட்டில இருக்கேன் அண்ணி. இப்பவே புதுச்சேரிக்குக் கூட்டிகினு போங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பொய் இல்லை. எதிரில் ஆறு பேர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் இரண்டு நாள் கழித்துத்தான் போனார்கள். நான் கொடுத்த சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. அவன் பழையபடி டயாலிசிஸுக்கு வந்து நின்றான். அவனுக்கு லீவு கிடைத்தது, வேலை அப்படியே இருந்தது. நான் வீட்டை விட்டுப் போனதால்தான் இப்படி ஆனது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். என் வயிற்றெரிச்சல்தான் காரணம் என்றும் பேசினார்கள்.

ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு, "இப்ப நிம்மதியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அண்ணன் கால் வீங்கிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு இன்னும் ரெண்டும் இருந்துதுன்னு வெச்சிக்கோ. இப்ப குடுப்பியா?"

"மாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். கோபம் இல்லை. சந்தேகம் தீர்ந்த ஆள் மாதிரி இருந்தான். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வாங்கிப்போயிருந்த ஆப்பிள்களை மேஜையில் வைத்தேன். டயாலிசிஸில் இருப்பவனுக்குப் பல பழங்கள் ஆகாது, ஆப்பிள் ஒத்துக்கொள்ளும். சாயங்காலம் டூட்டி இருந்ததால் உட்காராமல் கிளம்பிவிட்டேன்.